குழந்தைத் துணிக்கு எந்த சோப்புத் தூள்?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து துணியாவது நனையும். பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்துக் கட்டினாலும் சரி, பட்டன் வைத்துத் தைத்த நாப்கினைக் கடையில் வாங்கினாலும் சரி, அத்தனையையும் அன்றன்றே துவைத்தாக வேண்டும். அதற்கு எதை வாங்குவது என்று தேடினால் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, குழந்தைப் படம் போட்ட திரவ சோப்பு. சாதாரணத் தூளைவிட அதன் விலை பல மடங்கு. மற்றது, பெயரும் முகவரியும் இல்லாத பிளாஸ்டிக் பையில் கிலோக் கணக்கில் விற்கும் தூள். முதலாவதை வாங்க வசதி இல்லாதவர்கள் மனது உறுத்த இரண்டாவதை வாங்குகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. தூள் மலிவாக இருப்பதால் குழந்தையின் தோல் புண்ணாவதில்லை. அலசிய பிறகும் துணியில் எது தங்குகிறதோ அதனால்தான் புண்ணாகிறது. தண்ணீரில் முழுதாகக் கரைந்து, அலசும்போது வெளியே போய்விடும் தூள் எதுவோ அதுவே குழந்தைத் துணிக்கு ஏற்றது. தேடிப் பார்த்தால் அது பெரும்பாலும் வாசனை குறைந்த, தயாரித்தவர் முகவரி அச்சிட்ட, ஒரு சாதாரணத் தூளாகத்தான் இருக்கும்.

விலை கூடிய தூளிலும் குறைந்த தூளிலும் அழுக்கை எடுக்கும் முதன்மைப் பொருள் பெரும்பாலும் ஒன்றேதான். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் லீனியர் ஆல்கைல் பென்சீன் என்ற திரவத்தைச் சல்போனேற்றம் செய்து அதைத் தயாரிக்கிறார்கள். அந்தத் திரவம் சென்னை மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையிலேயே உற்பத்தியாகிறது. அதோடு சேர்வது சலவை சோடா. மீதி எல்லாம் உப்பு, சோடியம் சல்பேட் போன்ற நிரப்பிகளும், பளிச்சென்று காட்டும் வெண்மையூட்டிகளும், வாசனையும், வண்ணக் குருணைகளும், சிலவற்றில் என்சைம்களும். 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கியபோது இந்த அலங்காரங்களைக் கழித்துவிட்டு, அப்போது சந்தையை ஆண்ட சர்ஃபின் விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றார். துணி வெளுத்தது. சோடா மிகுதியால் கையும் எரிந்தது. இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்: மலிவுத் தூள் அழுக்கை எடுக்கும், ஆனால் அதன் காரம் துணியில் தங்கினால் தோலைப் பதம் பார்க்கும்.

சோப்புக் கட்டி விஷயத்தில் கடலூர் மாவட்டம் விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒன்று எளிதில் புரியும். அந்த ஊரில் பீங்கான் தொழில் வேரூன்றக் காரணம் பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தில் கிடைத்த வெண்களிமண். அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கட்டையும் அதில்தான் உருவாயின. அதே இனத்தைச் சேர்ந்த சீனாக்களிமண்ணும், டாலமைட், சுண்ணாம்புக்கல் மாவும் மலிவான துணி சோப்புக் கட்டிகளில் கனம் கூட்டச் சேர்க்கப்படுகின்றன. களிமண் தண்ணீரில் கரையாது, மிதந்து கலங்கும், அவ்வளவுதான். சட்டையில் தேய்த்தால் ஓடும் தண்ணீரில் போய்விடும். நாலு மடிப்பு, ஆறு மடிப்பு உள்ள குழந்தைத் துணியில் தேய்த்தால் மடிப்புக்குள் தங்கும். நாளடைவில் துணி விறைத்து, நீரை உறிஞ்சுவதும் குறையும். தூளில் உள்ள உப்பும் சல்பேட்டும் அப்படியல்ல, கரைந்து ஓடிவிடும். அதனால் கையில் காசு குறைவாக இருக்கும்போது மலிவுக் கட்டியைவிட மலிவுத் தூள் மேல். கட்டியை மேல்துணிக்கும் மிதியடிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பாதி, கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடினத்தன்மை. குடிநீருக்கான இந்திய தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய அசல் சோப்பு இந்தத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்து, சாம்பல் நிறப் பிசுக்காகத் துணியில் ஒட்டும். ‘இயற்கையானது’ என்று நம்பி விலை கொடுத்து வாங்கிய சோப்பு, உப்புத் தண்ணீர் வீட்டில் குழந்தைத் துணியைக் கெடுப்பது இப்படித்தான். தூள் இந்த விஷயத்தில் தேவலை. மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். துவைத்துக் காய்ந்த துணி ஒன்றை நல்ல தண்ணீர் உள்ள ஒரு குவளையில் போட்டு நன்றாகக் கசக்கிப் பாருங்கள். தண்ணீர் வழவழத்தாலோ விளிம்பில் நுரை கட்டினாலோ, தூள் அதிகம் அல்லது அலசல் போதவில்லை. அடுத்த முறை தூளைப் பாதியாக்கி, இன்னொரு தண்ணீர் கூட்டுங்கள். அலசத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம்தான். தண்ணீர் பஞ்சமான தெருவில் தூளைக் குறைப்பதே முதல் வழி, ஏனென்றால் போட்டதை எல்லாம் எடுக்கத்தான் தண்ணீர் செலவாகிறது. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது விளம்பரம் பழக்கிய எண்ணம். முன்பக்கக் கதவு வைத்த இயந்திரத்துக்கான தூளை நுரை குறைவாக வரும்படியே தயாரிக்கிறார்கள், துணி சுத்தமாகத்தான் வருகிறது.

பச்சைக் குழந்தையின் தோல் மெல்லியதாயிற்றே, தனியாகத் தயாரித்தது வேண்டாமா என்பது பெற்றோரின் முதல் கேள்வி. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வரும் சிவப்புக்குப் பெரும்பாலும் காரணம், ஈரத் துணி நீண்ட நேரம் உடம்பில் கிடப்பது. மூத்திரத்திலிருந்து கிருமிகள் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. அதனால் காரத்தன்மை ஏறி, மலத்தில் உள்ள செரிமான நொதிகள் தோலை அரிக்கின்றன. நனைந்ததும் மாற்றாமல் விட்டால் எவ்வளவு விலை உயர்ந்த திரவத்தில் துவைத்தும் பயனில்லை. தூளில் கவனிக்க வேண்டியவை வாசனையும், துணியை மெத்தென்று ஆக்கும் கண்டிஷனரும்தான். வாசனைப் பொருள்கள் ஒவ்வாமைக்குத் தெரிந்த காரணிகள். கண்டிஷனர் நூலின் மேல் மெழுகுபோல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கிறது. குழந்தைத் துணிக்கு வேண்டிய ஒரே குணமே உறிஞ்சுவதுதான். வெண்மையூட்டியும் சொட்டு நீலமும் கண்ணுக்காகச் சேர்ப்பவை. கறை நிறம் மங்கித் தெரிந்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்?

இதைவிடப் பெரிய ஆபத்து, கிருமிக்குப் பயந்து கடைசி அலசலில் மருந்து ஊற்றும் வழக்கம். 1967இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகள் வியர்த்து, மூச்சுத் திணறி நோயுற்றனர், இருவர் இறந்தனர். தேடியபோது காரணம் சலவைக்கூடத்தில் கிடைத்தது. கடைசி அலசலில் சேர்த்த பொருளில் பூஞ்சைத் தடுப்புக்காகப் பென்டாகுளோரோஃபீனால் இருந்தது. துணியில் மிஞ்சிய அது தோல் வழியே உடம்புக்குள் போயிருந்தது. இன்று வீட்டில் வாங்கும் கிருமிநாசினிகள் வேறு பொருள்கள்தான், ஆனால் குழந்தைத் தோலின் மேல் நாளெல்லாம் கிடக்கும் துணியில் அலசாமல் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்ற பாடம் மாறவில்லை. மூத்திரத் துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசாமல் பிளீச்சிங் பவுடரில் போட்டால், அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும் குளோரமைன் வாயு வரும். கழிவறை ஆசிட்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம். கொதிக்கும் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, உச்சி வெயிலில் உலர்த்துவது போதும். நம் ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்!

இதோடு ஒட்டிய இன்னொரு வழக்கம் பலருக்கும் தெரியாமலே ஆபத்தாகிறது. குழந்தைக்கென்று எடுக்கும் பழைய வேட்டியும் தூளி கட்டும் சேலையும் பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டையோடு வருடக்கணக்கில் கிடந்தவை. நாப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஏறி, குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். மூளைப் பாதிப்பு வரை போன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. அந்தக் குறைபாடு இருப்பது பிறந்தவுடன் வெளியே தெரியாது. அந்துருண்டை வாசனை அடிக்கும் துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். வேறு துணி இல்லை என்றால் பல முறை துவைத்து, பல நாள் வெயிலில் போட்டு, வாசனை அறவே போன பிறகே எடுங்கள். எந்த சோப்புத் தூளை வாங்குவது என்பதைவிட இது முக்கியமான முடிவு.

பூந்திக்கொட்டை போதாதா என்றால், பட்டுக்கும் லேசான அழுக்குக்கும் அது நல்லதுதான். மலத்தின் கொழுப்பையும் புரதத்தையும் எடுக்க அதன் வலு போதாது. வீட்டுக்கு வீடு அதன் சாறு ஒரே செறிவில் இருப்பதும் இல்லை. டயப்பரே வாங்கிவிடலாமே என்பவர்களுக்கு அரசின் வரிக் கணக்கும் துணை நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தை டயப்பருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது. குளியல் சோப்புக் கட்டிக்கும் 5 ஆனது. துணி துவைக்கும் தூள் மட்டும் 18 சதவீதத்திலேயே நிற்கிறது. குப்பையைக் கூட்டும் பொருளுக்குச் சலுகை, துவைத்துத் திரும்பக் கட்டும் குடும்பத்துக்கு முழு வரி. இது மாற வேண்டும்.

விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊருக்கு மட்டும் உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. களிமண் கலவையை அரைக்கும் பால் மில்லிலும், கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு போடும் இடத்திலும் வேலை செய்துவிட்டு வரும் அம்மா, அப்பாவின் உடுப்பில் சிலிகாத் தூசி படிந்திருக்கும். சிலவகைக் கிளேஸ்களில் ஈயமும் இருக்கக்கூடும். இவை எந்தத் தூளிலும் கரையாதவை. அந்த உடுப்பை வீட்டுக்குள் உதறக் கூடாது, நனைத்த பிறகே கையாள வேண்டும், குழந்தைத் துணியோடு ஒரே வாளியில் ஊறவைக்கவே கூடாது. வீட்டுப் பொறுப்போடு இது முடிவதில்லை. சிலிகாத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில்நோய். தொழிலாளர் கை கால் கழுவவும், உடை மாற்றி வைக்கவும், நனைந்த துணியை உலர்த்தவும் இடம் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 42, 43ஆம் பிரிவுகள் சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஐந்தாறு பேர் மட்டும் வேலை பார்க்கும் சிறு பட்டறைகளுக்கு இந்தச் சட்டம் பொதுவாக எட்டாது என்பது பெரிய ஓட்டை. அங்கே வேலை பார்ப்பவர்கள் வேலை உடுப்பைப் பட்டறையிலேயே மாற்றி, ஈரமாக்கிக் கட்டி எடுத்து வருவது ஒன்றே வழி.

இனிக் கடைக்குப் போவோம். தூள் பாக்கெட்டில் என்னென்ன பொருள் கலந்திருக்கிறது என்று அச்சிடச் சொல்லி 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கேட்கவில்லை. வாசனை ஒவ்வாத குழந்தையைப் பெற்றவருக்கு இது நேரடி இழப்பு. இதற்காகக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் அதே விதிகள் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் தொடர்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்குகின்றன. இப்போது அலகு விலையும் சேர்ந்திருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு எவ்வளவு என்று அது சொல்லும். 10 ரூபாய் பாக்கெட்டில் எடை 80 கிராம் என்று வைத்துக்கொண்டால் கிலோ 125 ரூபாய் ஆகிறது. பத்து ரூபாய் என்ற எழுத்து மாறாமல் எடை மட்டும் இளைப்பதை இந்த எண்தான் காட்டிக்கொடுக்கும். பெரிய பைதான் எப்போதும் மலிவு என்றும் நம்ப வேண்டாம். சில தூள்களில் சின்ன பாக்கெட்டே கிராமுக்குக் குறைவாக வரும். ஐ.எஸ். 4955 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. தூளைத் தரவாரியாகப் பிரிக்கும் இந்திய தர நிர்ணயம் அது.

முகவரி இல்லாத பொட்டலம், அச்சிட்டதைவிடக் கூடுதல் விலை, குறைந்த எடை ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் விசாரிப்பது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. குழந்தைக்கு முற்றிலும் பாதுகாப்பானது, 99 சதவீதக் கிருமியைக் கொல்லும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. புகாரைத் தொடங்க 1915 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். தூளால் குழந்தைக்குப் புண் வந்தது என்றால் ரசீது, மீதித் தூளோடு பாக்கெட், மருத்துவர் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தயாரித்த நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.