விதையினின்று பழமரம் உண்டாக்குதல்

சுவையுள்ள மாம்பழத்தைத் தின்றபின் அதன் கொட்டையைக் கொல்லையில் ஊன்றி வைப்பது கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். எட்டுப் பத்து வருஷம் நீர் ஊற்றிக் காத்திருந்தபின், அம்மரம் புளிப்பும் நாருமான பழங்களைக் கொடுப்பதும் உண்டு. குடியானவருக்கு இது சிறு நஷ்டமன்று. கழிந்த வருஷங்கள் திரும்பி வாரா. மரம் அடைத்துக்கொண்ட நிலமும் வீணாகும். ஆகையால் எவ்விதை தாய்மரத்தின் குணத்தைக் காக்கும், எது காவாது என்பதை ஊன்றுமுன் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

குணம் மாறுவதன் காரணம்: ஒரு மரத்தின் பூவில் மற்றொரு மரத்தின் மகரந்தம் ஈக்களால் வந்து சேர்கிறது. நீலம், பங்களூரா முதலிய மா ஜாதிகளின் கொட்டையில் முளை ஒன்றே உண்டு. அது இரு மரங்களின் கலப்பாதலால் தாயை ஒத்திருப்பதில்லை. மேற்குக் கரையைச் சேர்ந்த ஓலூர், சந்திரக்காரன் போன்ற ஜாதிகளிலோ ஒரு கொட்டையினின்று பல முளைகள் கிளம்பும். அவற்றுட் பெரும்பாலானவை தாய்மரத்தின் பாகத்தினின்றே உண்டானவை. ஆதலால் குணம் மாறுவதில்லை.

எலுமிச்சை: இதுவும் அநேகமாய்த் தாயின் குணத்தையே காக்கும். நன்றாய்க் காய்க்கும் நோயற்ற மரத்தின் பழுத்த கனியினின்று விதை எடுத்துக் கழுவி, காய்ந்துபோகுமுன் விதைக்க வேண்டும். வைத்திருந்த விதை முளைப்பது அரிது. நாற்றுக்களுள் ஒரே சீராய் வளர்வனவற்றை வைத்துக்கொண்டு, மிக நலிந்தவற்றையும் வேற்றுருவாய்த் தோன்றுவனவற்றையும் களைந்துவிடுதல் நலம்.

பப்பாளி: விதையின் மேலுள்ள வழவழப்பான தோலைச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ஆண், பெண் என மரங்கள் வேறுபடும் ஜாதியாயின் குழிக்கு இரண்டு மூன்று நாற்று நடுக. நீண்ட காம்பில் கொத்தாய்த் தொங்கும் பூ ஆண். தண்டை ஒட்டி நிற்கும் பெரிய பூ பெண். பூத்தபின், பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் விட்டு மற்ற ஆண் மரங்களை நீக்கலாம். கோயமுத்தூரில் உண்டாக்கப்பட்ட கோ.3, கோ.7 ஜாதிகளில் தனி ஆண் மரம் இல்லை. எந்த ஜாதியாயினும் அடியில் நீர் தேங்கினால் தண்டு அழுகும்.

மா: கொட்டைச் செடி வீணென்று எண்ணலாகாது, ஒட்டுக் கட்டுவதற்கு அதுவே ஆதாரம். பழம் உண்ட சில வாரங்களுக்குள், நீரிலிட்டால் அமிழும் கொட்டைகளைப் பொறுக்கி, வளைந்து புடைத்த விளிம்பு மேல்நோக்க ஊன்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு வருஷத்துச் செடியைத் தொட்டியுடன் நல்ல மரத்தண்டை கொண்டுபோய், செடியின் தண்டிலும் மரக்கிளையிலும் ஒரே அளவாய்ப் பட்டை சீவி, இரண்டையும் பொருத்தி இறுகக் கட்டுவர். இரண்டு மூன்று மாதங்களில் அவை கூடியபின், கட்டுக்குக் கீழே கிளையையும், கட்டுக்கு மேலே செடியின் தலையையும் சிறிது சிறிதாய் வெட்டி நீக்க வேண்டும். இவ்வொட்டு தாயின் பழத்தையே கொடுக்கும். கொட்டை மரத்தினும் சில வருஷம் முந்தியும் காய்க்கும்.

இவ்வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்வதினும் ஐக்கிய சங்கத்தார் கூடிச் செய்வது சுலபம். ஊரிலுள்ள சிறந்த மரங்களைக் குறித்துவைத்து, கிணற்றருகே பொது நாற்றங்கால் ஒன்று அமைத்து, செடிகளை அங்கத்தினருக்குப் பங்கிடலாம். எந்தத் தாய்மரத்தின் கன்று என்பதை ஒவ்வொரு தொட்டியிலும் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறாயின், கன்றை வாங்குவோர் தமக்குக் கிடைக்கப்போகும் பழம் இன்னதென்று அறிந்தே நடுவர்.