பேச்சே இல்லாத பேண்ட்

அலை பிடிப்பவர்கள் – 11

பேரளத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் அம்பகரத்தூர் வரும்போது மாநில எல்லையைத் தாண்டிவிட்டது பலருக்கு உறைக்காது. வயல் அதே வயல், வாய்க்கால் அதே வாய்க்கால். ஆனால் 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் கைக்கு வரும்வரை இந்த ஊர் பிரெஞ்சு மண். பத்ரகாளியம்மன் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் சிலருக்காவது இந்தப் பழங்கதை தெரிந்திருக்கும். தெரியாத கதை ஒன்று ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களின் ஏட்டில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஏஆர்ஆர்எல் அமைப்பு நடத்தும் ‘டிஎக்ஸ்சிசி’ விருதைச் சென்ற வாரம் பார்த்தோம். நூறு நாட்டு ஹாம்களோடு வானலையில் தொடர்பு கொண்டு நிரூபித்தால் கிடைக்கும் விருது அது. அதன் பட்டியலில் ‘பிரெஞ்சு இந்தியா’ ஒரு தனி நாடாகவே இருந்தது; அழைப்புக்குறி ‘எஃப்என்8’ என்று தொடங்கும். 1954 அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புகள் மட்டும் செல்லும் என்ற குறிப்போடு, நீக்கப்பட்ட நாடுகளின் வரிசைக்கு அது போய்விட்டது. ‘சிஆர்8’ குறியில் இருந்த போர்த்துகீசிய இந்தியப் பகுதிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. இன்று இந்தியாவில் அந்தமானும் லட்சத்தீவும் மட்டுமே தனிக்கணக்கு. காரைக்காலிலிருந்து யார் பேசினாலும் ‘வியு’தான், அதாவது விக்டர் யூனிஃபார்ம் எழுத்துகளில் தொடங்கும் இந்தியக் குறிதான்.

ஹாம்கள் இன்னொரு விதமாகவும் உலகைக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். தீர்க்கரேகையில் 2 டிகிரி, அட்சரேகையில் 1 டிகிரி அளவுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எழுத்தில் ஒரு பெயர். அம்பகரத்தூர் இருப்பது ‘எம்கே90’ கட்டத்தில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், வேதாரண்யம், திருச்சி எல்லாமே இதில் அடக்கம். கொடி பிரித்த ஊர்களைக் கட்டம் ஒன்றாக்கிவிட்டது.

இந்த எம்கே90-லிருந்து குறைந்த செலவில் உலகைத் தொட நினைப்பவருக்கு எந்த பேண்ட், அதாவது எந்த அலைவரிசை ஏற்றது? பெரும்பாலோர் 40 மீட்டர் என்பார்கள், அல்லது 20 மீட்டர். கூட்டமெல்லாம் அங்கேதான். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை கிடக்கிறது: 30 மீட்டர்.

1979-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி நிர்வாக மாநாடு ஹாம்களுக்கு மூன்று புதிய பேண்டுகளைக் கொடுத்தது. அவற்றில் 30 மீட்டர் மிகக் குறுகியது. 10,100 முதல் 10,150 கிலோஹெர்ட்ஸ் வரை, மொத்தமே 50 கிலோஹெர்ட்ஸ். அதிலும் ஹாம்கள் இரண்டாம்நிலைக் குடித்தனக்காரர்கள். முதலுரிமை பெற்ற நிலையங்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. ஒரு குரல் உரையாடல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை விழுங்கிவிடும் என்பதால், சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் பேண்ட் திட்டம் இங்கே குரலை ஒதுக்கிவைத்தது. கீழ்ப்பகுதியில் மோர்ஸ், மேற்பகுதியில் குறுகிய டிஜிட்டல் முறைகள். வார இறுதிப் போட்டிகளும் இங்கே கிடையாது.

பேச முடியாது, போட்டி கிடையாது. அதனாலேயே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை. வராததால் குறைந்த சக்தி நிலையங்களுக்கு இது சொர்க்கம்.

இன்னொரு காரணம் வானத்தில் இருக்கிறது. பகலில் அயனி மண்டலத்தின் அடியில் உருவாகும் ‘டி’ அடுக்கு, அதிர்வெண் குறைந்த அலைகளை உறிஞ்சிவிடும். நண்பகலில் 80 மீட்டர் பேண்ட் வெகுதூரம் எட்டாதது அதனால்தான். அதிர்வெண் கூடக்கூட, இரவில் பலவீனமாகும் ‘எஃப்’ அடுக்கு அலையைத் திருப்பி அனுப்பாமல் வெளியே விட்டுவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பகலில் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பொழுது சாய்ந்தால் கண்டம் விட்டுக் கண்டம். ஐப்பசி, கார்த்திகை இடியின் ‘கரமுர’ இரைச்சலும் 80 மீட்டரைப் போல இங்கே காதைக் கிழிப்பதில்லை.

காவிரி டெல்டாவுக்கென்று ஒரு தனிக்குணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தெற்கே திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. 1963 நவம்பர் 21-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டை நம்பித்தான். அதை ஒட்டிய வானத்தில் சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு மேலெழும்பும். பல நாட்களில் அதற்குள் குமிழிகள் போல அடர்த்தி குறைந்த பகுதிகள் உருவாகும். அப்போது மோர்ஸ் ஒலி நடுங்கி, படபடத்து வந்து சேரும். ரேடியோ பழுது என்று திறந்து பார்க்க வேண்டியதில்லை.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். அரை அலை டைபோல் ஆண்டெனாவுக்கு 80 மீட்டர் பேண்டில் சுமார் 40 மீட்டர் கம்பி வேண்டும். 30 மீட்டருக்கு 14 மீட்டர் போதும், பக்கத்துக்கு 7. கொல்லையில் இரண்டு தென்னை இருந்தால் முடிந்தது வேலை. மின்கம்பிக்கு அருகே மட்டும் கட்டக் கூடாது. இடி வரும்போது இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மோர்ஸ் தெரிந்தால் 5 வாட் போதும். வீட்டில் எரியும் எல்இடி பல்பு தின்பதைவிடக் குறைவு.

மோர்ஸ் தெரியாதவர்களுக்கு எஃப்டி8 இருக்கிறது. பல்சார் ஆய்வுக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கே என்ற இன்னொரு ஹாமுடன் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட முறை இது. 15 விநாடிக்கு ஒரு தவணை. காதுக்குக் கேட்காத சமிக்ஞையைக்கூடக் கணினி படித்துவிடும். 30 மீட்டரில் 10.136 மெகாஹெர்ட்ஸ் இதன் இடம். கணினியின் கடிகாரம் ஒரு விநாடிக்கு மேல் பிசகினால் எதையும் படிக்க முடியாமல் போகலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அழைப்புக்குறியோடு போகும் நான்கு எழுத்து, அந்தக் கட்டத்தின் பெயர்தான்: எம்கே90.

‘பேச முடியாத பேண்டால் ஊருக்கு என்ன லாபம்?’ நியாயமான கேள்வி. 2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து ஒலிபரப்பச் சென்றிருந்த பாரதி பிரசாத் என்ற ஹாமும் குழுவினரும், 26-ஆம் தேதி சுனாமி தாக்கியதும் போர்ட் பிளேரிலிருந்து அவசரச் செய்திகளைக் கடத்தத் தொடங்கினார்கள். காரைக்கால் கரையும் அன்று நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. அந்தமானில் உதவியது அதற்கென வாங்கிய கருவி அல்ல. தூரத்து நாடுகளைப் பிடிக்கும் பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன ரேடியோவும், மங்கிய ஒலியிலிருந்து செய்தியைப் பிரித்தெடுக்கப் பழகிய காதும்தான். அந்தப் பழக்கத்துக்கு நெரிசல் இல்லாத 30 மீட்டரைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஒலிபரப்ப உரிமம் கட்டாயம். 12 வயது நிரம்பியவர்கள் மத்திய அரசின் சரல் சஞ்சார் தளத்தில் விண்ணப்பித்துத் தேர்வு எழுதலாம். ரெஸ்டிரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும். டெல்டாவின் பொறியியல் மாணவர்கள் அந்த எட்டுச் சொல்லையும் கற்றுக்கொண்டே தேர்வுக்குப் போகட்டும்.

(தொடரும்)