டேப் வாங்கியாயிற்று, எந்தச் செயலி போடுவது?

பிளே ஸ்டோரில் 'ஆட்டிசம்' என்று தேடிப் பாருங்கள். திரையைத் தள்ளத் தள்ளச் செயலிகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாமே நிபுணர்கள் செய்தது என்றுதான் சொல்லிக்கொள்ளும். பேச்சு வராத, தாமதமாக வரும், அல்லது கவனம் நிற்காத பிள்ளையை வைத்திருக்கும் உங்களுக்கு இதில் எது பயன்படும்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை தனக்கு வேண்டியதைச் சொல்ல உதவும் செயலி வேறு; நிறம், எண், எழுத்து என்று எதையாவது பழக்கும் செயலி வேறு. இரண்டையும் 'கல்விச் செயலி' என்ற ஒரே பெயரில் கடையில் வைத்திருப்பதால்தான் பாதிக் குழப்பம்.

சொல்ல உதவும் செயலி எப்படி வேலை செய்யும்? திரையில் படக் கட்டங்கள் இருக்கும். 'வேணும்' கட்டத்தையும் 'தண்ணி' கட்டத்தையும் பிள்ளை தொட்டால் டேப் அதை உரக்கச் சொல்லும். இந்த வழிக்கு ஏ.ஏ.சி. (பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ படம், சைகை, எழுத்தால் தெரிவிக்கும் முறை) என்று தெரபிஸ்டுகள் பெயர் சொல்வார்கள். சென்னையில் அஜித் நாராயணன் தொடங்கிய இன்வென்ஷன் லேப்ஸ், வித்யாசாகர் சிறப்புப் பள்ளியோடு சேர்ந்து உருவாக்கிய 'ஆவாஸ்' இந்த வகைதான். முதலில் தனிக் கருவியாக வந்தது. இப்போது தமிழ், கன்னடம் உட்பட இந்திய மொழிகளில் செயலியாகக் கிடைக்கிறது. ஐஐடி பம்பாயில் உருவான 'ஜெல்லோ'வுக்குக் கட்டணம் இல்லை.

டேப்பே பேசிவிட்டால் பிள்ளை வாயைத் திறக்காமல் போய்விடாதா? எல்லாப் பெற்றோருக்கும் வரும் பயம்தான் இது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், முறையாகக் கண்காணிக்கப்பட்ட 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 10-இல் 9 பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. பேச்சு வரட்டும், பிறகு டேப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, எந்த மொழியில் வைப்பது? பெங்களூர் தமிழ் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. பாட்டியோடு தமிழ், கீழ்வீட்டாரோடு கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். "ஒரே மொழியில் பேசுங்க, குழம்பிப்போவான்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சு மேலும் தாமதமாகும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் எந்த மொழியில் கொஞ்சுவாரோ, அதில் முதலில் தொடங்குங்கள். வெளிநாட்டில் பேர்பெற்ற 'புரோலோகோ2கோ' போன்றவற்றை வாங்குமுன் தமிழும் கன்னடமும் உண்டா என்று பாருங்கள். ஐபேடில் மட்டும் ஓடுகிறதா என்பதும் டேப் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி.

படங்களிலும் கவனம் வேண்டும். பனிமனிதனும் டோஸ்டரும் உங்கள் பிள்ளைக்கு எதற்கு? உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரை, அவன் போட்டுக்கொள்ளும் செருப்பை, தெருமுனை தர்ஷினி ஓட்டலின் இட்லித் தட்டைப் படமெடுத்துக் கட்டத்தில் போடுங்கள். போட்ட பிறகு இடத்தை மாற்றாதீர்கள். தண்ணிக் கட்டம் மேல் வரிசை ஓரத்தில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். விரல் அந்த இடத்தைப் பழகிவிடும். நீங்களும் பேசும்போது அதே கட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. முக்கியமான கட்டங்களை அச்செடுத்து லேமினேட் செய்து பையில் வையுங்கள். சார்ஜ் தீர்ந்த நேரத்தில்தான் பிள்ளைக்கு ஒன்றுக்கு வரும்.

திரை நேரம் என்னாவது? 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 5 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். பழக்கும் செயலிக்கும் வீடியோவுக்கும் இந்தக் கணக்கைக் கறாராக வையுங்கள். சொல்ல உதவும் செயலியை அதில் சேர்க்காதீர்கள் என்பது என் கருத்து. அது பிள்ளையின் வாய். அடம் பிடித்தான் என்று பிடுங்கி அலமாரியில் வைப்பது வாயைப் பொத்துவதற்குச் சமம்.

ஒரே டேப்பில் சொல்ல உதவும் செயலியும் வீடியோவும் இருந்தால் யூடியூபுக்குத் தாவிவிடுவானே? ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்ற வசதி (திரையை ஒரே செயலியில் பூட்டிவைப்பது) செட்டிங்ஸில் இருக்கிறது. ஐபேடில், தொடக்கூடாத பொத்தானைச் சுற்றி விரலால் வட்டம் போட்டால் அந்த இடம் மட்டும் செயலற்றுப்போகும். முடிந்தால் பேசுவதற்கென்று பழைய டேப் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள்.

பழக்கும் செயலியை எப்படிச் சோதிப்பது? பிள்ளைக்குக் கொடுக்குமுன் நீங்களே உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்பாக விளையாடுங்கள். சரியான விடைக்கு ஒரு சின்ன 'டிங்'. தவறான விடைக்கு யானை வழுக்கி விழுந்து 'தொபுக்' என்று சத்தம். பிள்ளை எதைத் திரும்பத் திரும்ப அழுத்தும்? இப்படிப்பட்ட செயலியை அழித்துவிடுங்கள். சத்தத்தைக் குறைக்க முடிகிறதா, அவசரப்படுத்தும் கடிகாரத்தை நிறுத்த முடிகிறதா என்றும் பாருங்கள். பிறகு தெரபிஸ்டிடம் "அடுத்த மூணு மாசத்துக்கு இவனுக்கு ஒரே ஒரு இலக்குன்னா எது?" என்று கேளுங்கள். அதற்கு உதவாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து டேப்பை மூடிவைத்துவிட்டு, பொருள்களைப் பிரிக்கப் பழக்கும் செயலி என்றால் நிஜக் கரண்டிகளையும் கிண்ணங்களையும் முன்னால் பரப்பிப் பிரிக்கச் சொல்லுங்கள். திரையில் மட்டும் செய்கிறான் என்றால் அந்தத் திரையைத்தான் கற்றிருக்கிறான்.

'மூளைத்திறன் கூடும்' என்ற விளம்பரங்களை என்ன செய்வது? அமெரிக்காவில் 'லூமாசிட்டி' என்ற மூளைப்பயிற்சிச் செயலி, ஆதாரமில்லாத வாக்குறுதிகளுக்காக 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 'குணமாகும்' என்று எழுதியிருந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

இலவசமாக எதுவும் இல்லையா? பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இருக்கிறது. தமிழ், கன்னடப் படக்கதைகள் விளம்பரத் தொல்லையின்றிக் கிடைக்கும். கதையை எடுத்து, உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி வரிகளைச் சுருக்கி எழுதிக்கொள்ளவும் அனுமதி உண்டு. மற்ற இலவசச் செயலிகளில், பெயருக்குக் கீழே விளம்பரம் உண்டு, உள்ளே வாங்கும் பொருட்கள் உண்டு என்ற சிறிய வரியைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

எதைத் தேர்ந்தெடுக்க என்று யாரிடம் கேட்பது? பெங்களூரில் நிம்ஹான்ஸின் குழந்தைகள் மனநலப் பிரிவு, இந்திரா நகரிலுள்ள கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, மைசூரில் அகில இந்தியப் பேச்சு கேள்வி நிறுவனம் ஆகியவை இருக்கின்றன. டேப்பையும் கூடவே எடுத்துப்போங்கள். பிள்ளை தொடுவதைப் பார்த்துத்தான் அவர்களும் சொல்ல முடியும்.

ஆண்டுச் சந்தா கட்டுமுன் இலவச நாட்களைப் பயன்படுத்திப் பாருங்கள். நீங்கள் சேர்த்த படங்களையும் சொற்களையும் பேக்கப் (வேறிடத்தில் நகல்) எடுக்க முடிகிறதா என்று அப்போதே சோதித்துவிடுங்கள். முடியாவிட்டால், டேப் கீழே விழுந்து உடையும் நாளில் எல்லாக் கட்டங்களையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டிவரும்.