வாடகைக் குடியிருப்போரும் காப்புறுதியும்

உணவும் உடையும் தேடிக்கொண்ட மனிதன் அடுத்துத் தேடுவது உறையுள். அவ்வுறையுள் சொந்தமாக அமையப்பெற்றோர் நம்மிடையே சிலரே. பதுளை நகரிலே ஆசிரியர், எழுதுவினைஞர், கடைச் சிப்பந்திகள் எனப் பலர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். ஊவாத் தோட்டங்களிலோ, தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் வாழ்ந்தும் அதன் ஒரு சுவருக்கேனும் உரியவராகாதோர் பல்லாயிரவர். “வீடே நமதன்று, நமக்கு எதற்குக் காப்புறுதி?” என இவ்விரு சாராரும் வினவக் கேட்டிருக்கின்றோம். நியாயம் போலத் தோன்றும் இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒரு வீடு எரிந்துபோயின், சுவரும் கூரையும் சொந்தக்காரருக்கு நட்டம். உள்ளே இருந்த கட்டில், அலுமாரி, தையல் இயந்திரம், உடுபுடைவை, பிள்ளைகளின் புத்தகம் ஆகியன குடியிருந்தவருக்கு நட்டம். சொந்தக்காரர் தம் கட்டடத்துக்கு எடுத்த காப்புறுதிப் பத்திரம் குடியிருப்பவரின் பொருளைக் காவாது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், தீக் காப்புறுதியிலும் ஆயுட் காப்புறுதியிலும் ஆங்கிலச் சட்டத்தையே இந்நாட்டுக்கு விதித்தது. காப்புறுதி செய்ய வருவோனை அச்சட்டம் கேட்பது, “இப்பொருள் அழிந்தால் உனக்கு நட்டம் உண்டோ?” என்பதே. தன் தையல் இயந்திரத்தைப் பொறுத்தவரையில், “உண்டு” எனச் சொல்லும் உரிமை லயத்தில் வாழ்பவருக்கும் முழுமையாக உள்ளது.

2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம்மவர் மறந்திருக்கமாட்டார். அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போன உயிர்களுக்கு எப்பணமும் ஈடாகாது. ஆயினும் பிரட்டுக்குப் போனதாலும் பாடசாலைக்குச் சென்றதாலும் பிழைத்தவர்கள், உடுத்த துணியோடு முகாம்களில் நின்றார்கள். லயம் தோட்டத்தினுடையது. சீட்டுக் கட்டியும் கடன்பட்டும் சிறுகச் சிறுகச் சேர்த்து அதனுள் வைத்தவை அவர்களுடையவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபோதும் இந்நிலையையே மீண்டும் கண்டோம்.

தமிழகத்தார் இதனைக் ‘காப்பீடு’ என்பர். நாம் ‘காப்புறுதி’ என்கின்றோம். தமிழ் கற்பிப்போர் என்ற முறையில் ஒன்று கூறுவோம்: ‘ஈடு’ என்னும் சொல்லே இதன் இயல்பை நன்கு உணர்த்துகின்றது. இழந்ததற்கு ஈடேயன்றி இலாபம் இதில் இல்லை. பழைய கட்டிலுக்குப் புதிய கட்டிலின் விலை வேண்டுமாயின், அவ்வாறு பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

இனி, பத்திரத்தை எடுப்போர் பெரிதும் இடறி விழும் இடங்கள் இரண்டு. தீக் காப்புறுதியின் அடிப்படைப் பத்திரம் தீக்கும் மின்னலுக்கும் உரியது. புயல், வெள்ளம் முதலியன மேலதிகக் கட்டணத்தின் பேரில் சேர்க்கப்படுவன. ‘வெள்ளம்’ என்றிருந்தால் மண்சரிவும் அதனுள் அடங்கும் எனக் கொள்ளுதல் கூடாது. ஆதலின் மலைநாட்டார் முதலிலே தேடவேண்டிய சொல் ‘மண்சரிவு’ என்பதே. அது காணப்படாவிடின் எழுத்திலே கேட்டு, எழுத்திலே விடை பெறுக.

மற்றையது சராசரி விதி. நான்கு இலட்சம் ரூபா பெறுமதியான பொருளை, கட்டணம் குறையும் என்றெண்ணி இரண்டு இலட்சத்துக்குக் காப்புறுதி செய்கின்றார் ஒருவர். ஒரு சிறு தீயினால் ஒரு இலட்சம் ரூபா நட்டம் நேர்கின்றது. இரண்டு இலட்சத்துக்குள்தானே என அவர் முழுத்தொகையையும் எதிர்பார்ப்பார். நிறுவனமோ, “பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்தீர், மறுபாதிக்கு நீரே பொறுப்பு” என ஐம்பதினாயிரமே தரும். இது வஞ்சகமன்று, பத்திரத்தில் உள்ள நிபந்தனையே. ஆனால் விற்க வருபவர் இதனை விளக்கிச் சொல்லுதல் அரிது.

வேறோர் அபாயமும் உண்டு. குடியிருப்பவரின் கவனக்குறைவால் தீ மூண்டதெனின், சொந்தக்காரருக்கு நட்டஈடு கொடுத்த நிறுவனம், அவருடைய உரிமையைத் தான் பெற்றுக் குடியிருப்பவர்மேல் வழக்காடலாம். ஒரே கூரையின்கீழ் காம்பராக்கள் ஒட்டிநிற்கும் லயங்களில் ஒரு வீட்டு அடுப்புத்தீ அயல்வீட்டுக்குத் தாவ நெடுநேரம் வேண்டியதில்லை. ஆகவே பிறர்க்கு நேரும் நட்டத்துக்கான பொறுப்பையும் பத்திரத்தில் சேர்த்தல் நன்று. வீட்டில் விறகடுப்பு உண்டு, முன்னறையில் சிறுகடை உண்டு என்பவற்றை மறையாது கூறுக. மறைத்தது பின்னர் தெரியவரின் பத்திரமே பயனற்றுப் போகலாம்.

நிற்க. நாட்கூலி பெறும் ஒருவர் தனித்து இதனைச் செய்தல் எளிதோ? எளிதன்று. 2016இல் அரசாங்கம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் வாயிலாக, இயற்கை அனர்த்தங்களுக்கு வீடுகளையும் சிறு வணிகங்களையும் காக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. கட்டணத்தை அரசே செலுத்தியது. வரவேற்கத்தக்கதே எனினும், அரசின் கையை மட்டும் நம்பியிருத்தல் போதாதென்பது எம் கருத்து. தோட்டந்தோறும் மரண உதவிச் சங்கங்கள் நம்மவரால் நெடுங்காலமாக நடத்தப்படுகின்றன. ஒருவர் வீட்டுத் துயரைப் பலர் சிறு பணத்தால் தாங்கும் அம்முறையே காப்புறுதியின் வேரும் ஆகும். அச்சங்கங்கள் ஒரு லயம் முழுவதற்கும் ஒரே கூட்டுப் பத்திரம் கேட்டால், பேரம் பேசும் வலிமை தனியொருவருக்கு இருப்பதினும் மிகும். காப்புறுதி நிறுவனங்களிலும் தோட்ட அலுவலகங்களிலும் பணிபுரியும் பழைய மாணவர்கள் இதற்கு வழிகாட்டக்கூடும்.

பத்திரம் எடுக்கும் முன்னரே செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள பொருள்களை அறையறையாகப் பட்டியலிட்டு, வாங்கிய ஆண்டும் விலையும் குறித்து, பற்றுச்சீட்டுகளையும் புகைப்படங்களையும் சேர்த்துக்கொள்க. கைத்தொலைபேசி உள்ள மாணவர் எவரும் ஒரு மாலைப்பொழுதில் பெற்றோருக்கு இதனைச் செய்து கொடுக்கலாம். பிரதியொன்றை அதே மலைச்சரிவில் வாழாத உறவினர் ஒருவரிடம் கொடுத்து வைத்தல் வேண்டும்.