யாருக்காக மைதானம்?

ஒரு கல்லூரி மைதானம். அதில் 1 லட்சத்து 7 ஆயிரத்து 601 பேர் உட்காரலாம்!

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது.

அங்கே ஆடுவது நம் ஊர்க் கால்பந்து அல்ல. பெயர்தான் "புட்பால்". முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்!

கமிட்டியின் நிபந்தனை

1920-களில் அங்கே பழைய மைதானம் கூட்டத்தைத் தாங்கவில்லை. புது மைதானம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், விளையாட்டுத் துறைத் தலைவர் பீல்டிங் யோஸ்ட்.

பேராசிரியர்கள் பலர் யோசித்தார்கள். ஆடுவது 22 பேர். மற்ற மாணவர்களுக்கு என்ன லாபம்?

பேராசிரியர் எட்மண்ட் டே தலைமையில் கமிட்டி அமைந்தது. 1926-ல் அது அறிக்கை கொடுத்தது.

மைதானம் கட்டலாம். ஆனால் ஆடம்பரம் கூடாது. எல்லா மாணவர்களும் விளையாட வசதி செய்ய வேண்டும். இதுதான் அறிக்கையின் சாரம்.

3,000 பத்திரங்கள்

பணத்துக்கு என்ன வழி?

யோஸ்ட் கடன் பத்திரம் விற்றார். ஒரு பத்திரம் 500 டாலர். மொத்தம் 3,000 பத்திரங்கள். வட்டி 3 சதவீதம். வாங்கியவர்களுக்கு நல்ல இடத்தில் டிக்கெட் பெற முன்னுரிமை உண்டு.

பள்ளத்தில் மைதானம்

உயரமாகக் கட்டினால் செலவு அதிகம். அதனால் பூமியைத் தோண்டினார்கள். பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே போயிற்று. பள்ளத்தின் சரிவிலேயே இருக்கைகள்!

தோண்டும்போது ஊற்று நீர் தொல்லை கொடுத்தது. ஒரு கிரேன் சேற்றில் புதைந்து, இன்னும் மைதானத்தின் அடியில் கிடக்கிறது என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு.

1927 அக்டோபர் 1-ந் தேதி முதல் ஆட்டம் நடந்தது. அப்போது 72,000 நிரந்தர இருக்கைகள். அஸ்திவாரம் மட்டும் லட்சம் பேரைத் தாங்கும்படி போட்டிருந்தார்கள். பிற்காலத்தில் அது கைகொடுத்தது.

எல்லோருக்கும் விளையாட்டு

கமிட்டியின் வார்த்தையும் காற்றில் போகவில்லை. 1928-ல் சாதாரண மாணவர்களுக்காகத் தனி விளையாட்டுக் கட்டிடம் திறந்தார்கள். மாணவிகளுக்கும் ஒரு கட்டிடம் எழுந்தது.

நம் ஊரில்...

சேலம், நாமக்கல் கல்லூரிகளுக்கு லட்சம் இருக்கை தேவையில்லை. 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் இருந்தால் சர்வதேச அளவில் கால்பந்து ஆடலாம். அதற்கு ஏறக்குறைய 1¾ ஏக்கர் வேண்டும். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். மாலை வெயில் கோல் காப்பவர் கண்ணைக் குத்தாது. மழைநீர் வடிய வழி வேண்டும். ஓரத்தில் வேப்ப மரம் வைத்தால், நிழலே காலரி!

மாணவிகள் ஆட எந்த நேரம்? அணியில் சேராத பையன் எங்கே ஓடுவான்? முதல் கல்லை நடும் முன்பே இதை எழுதி வைக்க வேண்டும். கட்டி முடித்தபின் கேட்டால், கதவில் பூட்டுத்தான் தொங்கும்.