கல் நாட்டினால் போதுமா?

தர்மபுரிக்கு வடமேற்கே சிறிது தூரம் சென்றால் பாப்பாரப்பட்டி என்னும் ஊர் வரும். கேழ்வரகு விளையும் சீமை. நேயர்களில் பலர் இவ்வூரைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டின் தேசபக்தர்களுக்கு இது ஒரு க்ஷேத்திரம். 1925-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி, தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தம் கடைசி மூச்சை விட்டது இந்த மண்ணிலேதான். அப்போது அவருக்கு நாற்பது வயது நிறைந்து நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது.

சிவாவின் வீர சரித்திரத்தை நாம் இங்கே முழுவதும் சொல்லப் புகவில்லை. வத்தலக்குண்டில் 1884-ல் பிறந்த அவர், 1908-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளையுடன் தூத்துக்குடியில் முழங்கினார்; பத்து வருஷத் தீவாந்தர சிக்ஷை பெற்றார்; அப்பீலில் அது ஆறு வருஷமாகக் குறைந்தது; 1912-ல் விடுதலையானபோது குஷ்டரோகத்தைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார். இவையெல்லாம் அநேகருக்குத் தெரிந்த விஷயங்கள். அவருடைய கடைசிக் கனவைப் பற்றியே நாம் யோசிக்க விரும்புகிறோம்.

ஒரு கனவு

தேசபக்தியும் தெய்வபக்தியும் வெவ்வேறு என்று சிவா நினைத்ததில்லை. 1921-ல் அவர் துறவு பூண்டு ஸ்வதந்திராநந்தர் என்ற பெயர் ஏற்றார். அதன்பின் பாப்பாரப்பட்டியில் நண்பர்களின் உதவியால் நிலம் பெற்று, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார். அங்கே ஓர் ஆசிரமம். நடுவில் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம். சாதி வித்தியாசமின்றி எவரும் வந்து வணங்கலாம். இதுவே அவர் உத்தேசம். 1923-ல் வங்கத்திலிருந்து தேசபந்து சித்தரஞ்சன தாஸ் இந்தச் சிற்றூருக்கு வந்து ஆலயத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்.

கல் நாட்டியாகிவிட்டது, கோயில் எழும்ப வேண்டாமா? அதற்குப் பணம் வேண்டும். குஷ்டரோகி என்று ரயில் பிரயாணத்தைத் தடுத்துவிட்டது சர்க்கார். சிவாவோ கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்றார். புண்பட்ட கால்களுடன் அவர் நடந்த நடையை நினைத்தாலே நெஞ்சு உருகுகிறது. இரண்டு வருஷத்தில் உடல் ஓய்ந்தது. அவர் எண்ணிய கோயில் எழவில்லை. பல பத்தாண்டுகள் உருண்டோடிய பிறகு, அண்மைக் காலத்திலேதான் தமிழக அரசாங்கத்தார் அங்கே பாரத மாதாவுக்கு ஒரு நினைவாலயம் அமைத்தனர்.

சிவாவிடம் குறை காண்பது நம் நோக்கமன்று. சிறையும் நோயும் வறுமையும் அவரைச் சூழ்ந்திருந்தன. ஆனால் ஒரு மனிதரின் கால்கள் ஓய்ந்ததும் ஒரு பெரிய தர்மம் நின்றுபோவதா? இந்தக் கேள்வியைக் கேளாமல் அந்த ஊரைவிட்டுத் திரும்ப நமக்கு மனம் வரவில்லை.

மற்றொரு துறவி

சிவாவைப் போலவே இளம் வயதில் மறைந்தவர் ஸ்வாமி விவேகானந்தர். 1897-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி, கல்கத்தாவில் பலராம் போஸின் இல்லத்தில் அவர் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். கூட்டம், தீர்மானம், தலைவர், காரியதரிசி என்று பேச்சு வந்ததும், உடன்பிறவாச் சகோதரர்களான சீடர்களிடையிலேயே முணுமுணுப்பு எழுந்தது. பரமஹம்ஸரின் பெயரால் இந்த மேனாட்டு ஏற்பாடெல்லாம் தகுமா என்று ஸ்வாமி யோகானந்தர் கேட்டார். விவேகானந்தர் பின்வாங்கவில்லை. சந்தேகத்தை எழுப்பிய யோகானந்தரையே கல்கத்தா நிலையத்துக்கு உபதலைவராகவும் ஆக்கினார்!

1901-ல் அவர் செய்த காரியம் இதனினும் பெரிது. பேலூர் மடத்தின் சொத்தைத் தம் சகோதர சீடர்கள் அடங்கிய தர்மகர்த்தர் சபைக்குப் பத்திரம் எழுதி ஒப்படைத்தார். அந்தச் சபையில் தமக்கு இடம் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்வாமி பிரம்மானந்தர் தலைவரானார். அடுத்த வருஷம் ஜூலை 4-ஆம் தேதி விவேகானந்தர் சமாதியடைந்தார். மடம் அழுதது, ஆனால் மூடவில்லை. 1909-ல் மிஷன் சட்டப்படி பதிவாயிற்று. இன்றும் அது நடைபெறுகிறது.

விவேகானந்தருக்கு மேனாட்டு அன்பர்களின் பொருளுதவி இருந்தது. தோளோடு தோள் நிற்கச் சகோதர சீடர்கள் இருந்தார்கள். சிவாவுக்கு இவை இல்லை. உண்மைதான். ஆயினும் ஒன்று மட்டும் பணத்தால் வந்ததன்று: தாம் இல்லாத நாளை, தாம் இருக்கும்போதே நினைத்துப் பார்த்த அந்தத் துணிவு.

எழுதி வையாத விதி

பாப்பாரப்பட்டி துக்கத்துக்குச் சில வாரம் முன்னர், 1925 ஜூன் மாதத்தில், வ.வே.ஸு. ஐயர் பாபநாசத்து அருவியில் உயிர் நீத்தார். அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் அதற்கு முன்பே பிளவுபட்டிருந்தது. பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கி, இரு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. பொதுப் பணம் பெற்ற இடத்தில் பந்தி வித்தியாசமா என்று நாடே கொதித்தது. காங்கிரஸ் கமிட்டியும் அக்குருகுலத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. குழந்தைகளைப் பந்தியில் பிரிப்பது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நீதியை முதல் நாளே விதியாக எழுதி, எல்லோரும் ஒப்பி, அதன்பின் பணம் வாங்கியிருந்தால், மகா தியாகியான ஐயருக்கு அந்த மனவேதனையும் நாட்டுக்கு அந்தக் கசப்பும் நேர்ந்திராது அல்லவா?

அதே 1925-ல், பாப்பாரப்பட்டி அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவிலேயே, திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். அங்கே பிரார்த்தனையும் உண்டு, தராசும் உண்டு. நூற்ற நூலை நிறுத்துக் கூலி கொடுக்க வேண்டுமே! மதுவிலக்குக்காக 'விமோசனம்' பத்திரிகை 1929-ல் அங்கிருந்து புறப்பட்டது. 1937-ல் ராஜாஜி பிரதம மந்திரியாகிச் சென்னைக்குப் போனார். பிறகு டில்லிக்கும் போனார். ஆசிரமத்தில் கதர் வேலை நின்றுவிடவில்லை. ஸ்தாபகர் வெளியே போனாலும் வேலை நடக்கிறதென்றால், அதுதான் ஸ்தாபனம்.

இது மேனாட்டுச் சரக்கா?

"பக்தி இருக்கும் இடத்தில் கணக்கு எதற்கு? சாமி காரியத்தில் சட்டம் பேசலாமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்களை உத்தரமேரூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் வருஷங்களில், அங்கே கோயிற் சுவரில் சபையின் விதிகளைப் பொறித்து வைத்தார்கள். முப்பது குடும்புகள், குடவோலை முறை, வாரியத்தில் இருப்போருக்கு வயது வரம்பு, ஒரு வருஷப் பதவி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனுடைய உறவினரும் வர முடியாது! அந்தச் சபையில் எல்லோருக்கும் இடமில்லை என்பது பெருங்குறையே. ஆயினும் பொதுக் காரியத்துக்கு விதியும் கணக்கும் வேண்டும் என்பதை நாம் எவரிடமும் கடன் வாங்கவில்லை.

இன்று தமிழ்நாட்டில் 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டம் கேட்பதும் இதைத்தான். ஏழு பேருக்குக் குறையாத அங்கத்தினர்; மூன்று பேருக்குக் குறையாத நிர்வாகக் குழு; வருஷந்தோறும் பொதுக் கூட்டம்; தணிக்கை செய்த கணக்கு. பஜனை மடம் நடத்துவோருக்கும் அன்னதான சபை நடத்துவோருக்கும் இது பாரமாகத் தோன்றலாம். ஆனால் மடத்து நிலம் பெரியவர் ஒருவரின் பெயரில் இருந்து, அவர் கண்மூடியதும் வாரிசுகள் கோர்ட்டுக்குப் போவதை நம் ஊர்களில் பார்க்கவில்லையா? அந்தப் பெரியவர் யோக்கியர்தாம். பத்திரம் மட்டும் சரியாக எழுதி வைக்கவில்லை.

ஆகவே, தர்ம காரியத்துக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்வி கேட்கலாம். சொத்து யார் பெயரில் இருக்கிறது? கணக்கை யார் பார்க்கிறார்கள்? இன்றைய தலைவர் நாளைக்கு இல்லையென்றால் கதவைத் திறப்பவர் யார்? இப்படிக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. பெண்ணைக் கொடுக்குமுன் குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறோமே, அது அவநம்பிக்கையா? வீட்டுப் பெண்மணிகளே இக்கேள்விகளை நன்றாகக் கேட்பார்கள் என்பது நம் அபிப்பிராயம். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்?

பாப்பாரப்பட்டியில் இப்போது சிவாவின் நினைவிடம் இருக்கிறது. பாரத மாதாவின் நினைவாலயமும் இருக்கிறது. போகிறவர்கள் மாலை சாத்தி வணங்கட்டும். அப்படியே, அவரவர் ஊரில் நடக்கும் தர்ம ஸ்தாபனம் ஒன்றையும் நினைத்துக்கொள்ளட்டும். ஊர் திரும்பியதும் அதன் பொதுக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய் உட்காரட்டும். புண்பட்ட காலுடன் ஒருவர் தனியே நடந்து திரிந்தார். அடுத்தவர் அப்படித் தனியே நடக்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.