கையெழுத்து இருக்கிறது, சரிபார்த்தது யார்?

1983 ஜூலை 23. மான்ட்ரியல் விமான நிலையத்தில் ஏர் கனடாவின் புத்தம்புது போயிங் 767 புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒட்டாவா வழியாக எட்மன்டன் போக அதற்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். எரிபொருளின் அளவைக் காட்டும் கருவிகள் வேலை செய்யவில்லை. அதனால் இறக்கைக்கு அடியில் இருக்கும் அளவுகோலை இழுத்துப் பார்த்து, டாங்கில் 7,682 லிட்டர் இருப்பதாகக் கண்டார்கள். லிட்டரைக் கிலோவாக்க 0.8 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77 ஆல். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்கள் எல்லாம் பவுண்டுக் கணக்கில் பறந்தவை. கிலோ கணக்குக்கு மாறிய முதல் ரகம் இதுதான். தரைப் பணியாளர்களும் விமானிகளும் சேர்ந்து போட்ட கணக்கில் ஏற்கெனவே 13,600 கிலோ இருப்பதாக வந்தது. உண்மையில் 6,200 கிலோகூட இல்லை. இன்னும் 20,000 லிட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாக ஏற்றினார்கள். ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்கள். மறுபடியும் அதே 1.77 ஆல் பெருக்கினார்கள். பிறகு நடுவானில் இரண்டு இன்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. 69 பேரைச் சுமந்த விமானம் சறுக்கிக்கொண்டே வந்து, கிம்லி என்ற சிற்றூரில், கார்ப் பந்தயத் தடமாக மாறியிருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் இறங்கியது. ஓர் உயிரும் போகவில்லை.

இந்தச் சம்பவத்தை விமானியின் திறமைக்கும் அலகுக் குழப்பத்துக்கும் உதாரணமாகச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இதில் இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முந்தைய நாள் இரவு எட்மன்டனில் ஒரு டெக்னீஷியன் எரிபொருள் கருவிகள் இருண்டு கிடப்பதைக் கண்டார். இரண்டு சேனல்களில் பழுதான ஒன்றின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டால் மற்றதைக் கொண்டு கருவி ஓடும் என்று கண்டுபிடித்து, அப்படியே இழுத்துவிட்டு, அதன்மேல் அடையாளச் சீட்டு ஒட்டி, பதிவேட்டிலும் எழுதினார். மான்ட்ரியலில் அந்தக் குறிப்பைப் படித்த இன்னொரு டெக்னீஷியனுக்கு அது முழுதாக விளங்கவில்லை. சோதிப்பதற்காகப் பிரேக்கரை உள்ளே தள்ளினார். கருவிகள் மறுபடி இருண்டன. அதற்குள் வேறு வேலை வந்து கவனம் சிதற, பிரேக்கரைத் திரும்ப இழுக்காமல் போய்விட்டார். சீட்டு மட்டும் ஒட்டியபடியே இருந்தது. பிரேக்கர் உள்ளே இருக்கிறது, அது வெளியே இருப்பதாகச் சீட்டு சொல்கிறது, பதிவேடும் சீட்டோடு ஒத்துப்போகிறது. அடுத்து வந்த கேப்டன் இவற்றைப் பார்த்தார். விமானத்தைக் கொண்டுவந்த கேப்டனிடம் பேசியதில், விமானம் கருவி இல்லாமலேதான் பறந்து வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். இரண்டு சேனலும் இல்லாமல் அந்த விமானம் கிளம்பவே கூடாது என்பது எழுதப்பட்ட விதி. இருந்தும், பராமரிப்புப் பிரிவு அனுமதித்திருக்கிறது என்ற எண்ணத்தில் அவர் கிளம்பினார்.

நான் சொல்ல வருவது இதுதான். விமானப் போக்குவரத்தில் ஆவணம் இல்லாமல் போவதைவிட, ஆவணம் இருந்தும் அதன் பின்னால் ஆள் இல்லாமல் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு விமானத்தைப் பற்றிய முழு உண்மையும் எந்தத் தனி மனிதரிடமும் இருப்பதில்லை. பழுதைப் பார்த்தவர் ஒருவர், எரிபொருள் ஏற்றியவர் ஒருவர், பயணிகளின் எடையைக் கூட்டியவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். இவர்களுக்கு இடையே காகிதமும் ரேடியோவும் மட்டுமே பாலம். அந்தப் பாலத்தில் ஒரு கையெழுத்தோ சீட்டோ தென்பட்டால், ‘யாரோ பார்த்திருக்கிறார்கள்’ என்று அடுத்தவர் கேள்வியை நிறுத்திவிடுகிறார். கிம்லி சம்பவத்தை விசாரித்த நீதிபதி லாக்வுட், நிறுவனத்தின் நடைமுறைகளையே முக்கியமாகக் குறை சொன்னார். பழைய விமானங்களில் மூன்றாவதாக ஒரு ஃப்ளைட் இன்ஜினியர் உட்கார்ந்து எரிபொருள் கணக்கைப் பார்த்துக்கொண்டார். 767-இல் அந்தப் பதவி இல்லை. பதவியை நீக்கியவர்கள், அந்த வேலை இனி யாருடையது என்று தெளிவாகச் சொல்லவில்லை.

கிம்லியில் எல்லோரும் பிழைத்தார்கள். 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் ஈகிள் லேக் அருகே நொறுங்கிய கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானத்தில் இருந்த 14 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. முந்தைய இரவு வால்பகுதி இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் பனி நீக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. மாலை ஷிப்டில் வலப்பக்கம் மட்டுமல்ல, இடப்பக்கம் மேற்புறத் திருகுகளையும் கழற்றிவிட்டார்கள். இரவு ஷிப்டுக்கு வந்தவர்கள் வலப்பக்க வேலையை முடித்தார்கள். இடப்பக்கம் 47 திருகுகள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. தான் திருகு கழற்ற உதவியதை மாலை ஷிப்டின் ஆய்வாளர் ஒப்படைப்புத் தாளில் எழுதத்தான் செய்தார். ஆனால் இரவு ஷிப்டின் ஆய்வாளர் சீக்கிரமே வந்து, அவர் எழுதும் முன்பே அந்தத் தாளைப் படித்துவிட்டார். எழுதியவர் எழுதினார், படித்தவர் படித்தார், எழுதியதைப் படிக்கத்தான் யாரும் இல்லை. விசாரித்த அமெரிக்க வாரிய உறுப்பினர்களில் ஜான் லாபர் தனியே ஒரு கருத்தைப் பதிவு செய்தார். தனி மனிதர்களின் பிழையோடு நின்றுவிடாமல், பாதுகாப்பை நிர்வாகம் எப்படி நடத்தியது என்பதையும் காரணமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பேச்சிலும் இதே கோளாறு வருகிறது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரியின் வானில் சவூதியின் ஜம்போ ஜெட்டும் கஜகஸ்தானின் சரக்கு ரக விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன எத்தனையோ இந்தியர்களின் குடும்பங்களுக்கு நேர்ந்த துயரம் அது. டெல்லிக் கட்டுப்பாட்டாளர் கஜக் விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொன்னார். எதிரே விமானம் வருகிறது என்றும் எச்சரித்தார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ரேடியோ விதி. கஜக் விமானத்திலிருந்து அதுவும் சரியாக வந்தது. ஆனால் விமானம் 15,000 அடியில் நிற்காமல் இறங்கியது. ஏன்? ரேடியோவில் ஆங்கிலத்தில் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். விமானத்தை ஓட்டிய விமானிகள் வேறு. கட்டுப்பாட்டாளருக்குக் கிடைத்த உறுதி, இயக்குபவரிடமிருந்து வரவில்லை. விதியை நிறைவேற்றியாயிற்று, விதி எதற்காக ஏற்பட்டதோ அது நடக்கவில்லை. வரும் விமானமும் போகும் விமானமும் அன்று ஒரே வழித்தடத்தைப் பயன்படுத்தின என்பதும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு மோதல் எச்சரிக்கைக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்வோர் உண்டு. நிறையத் தீர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2020 ஜூலை 21 அன்று பர்மிங்ஹாமில் நடந்ததைப் பாருங்கள். ஒரு சுற்றுலா விமான நிறுவனத்தின் செக்-இன் மென்பொருள், ‘மிஸ்’ என்று பதிந்திருந்த பெண்களைக் குழந்தைகள் என்று எடுத்துக்கொண்டது. அதை எழுதிய நாட்டில் அந்த அடைமொழி சிறுமிகளுக்கானது. வளர்ந்த பெண்ணுக்கு 69 கிலோ, குழந்தைக்கு 35 கிலோ என்பது எடைக் கணக்கு. 38 பெண்கள் இப்படிக் குழந்தைகள் ஆனதில், லோடு ஷீட் என்ற எடைத் தாள் காட்டிய எடை உண்மையைவிட 1,244 கிலோ குறைந்துபோனது. விமானம் பத்திரமாகவே போனது. ஆனால் பறப்புத் திட்டத்தில் இருந்த எடைக்கும் லோடு ஷீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதைக் கேப்டன் கண்டார். கோவிட் காலத்தில் இப்படி மாற்றங்கள் வரலாம் என்று நினைத்து ஏற்றுக்கொண்டார். 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் நடந்தது இதைவிடப் பெரிது. துபாய் கிளம்பிய எமிரேட்ஸ் விமானத்தின் எடை 362.9 டன், புறப்பாட்டுக் கணக்குப் போடும் லேப்டாப்பில் ஏறியது 262.9. தேவைக்குக் குறைந்த விசையோடு ஓடிய விமானம் வாலைத் தேய்த்து, ஓடுபாதை முடிந்தபின்னரே எழுந்தது. உள்ளே 275 பேர். கம்ப்யூட்டர் கூட்டலில் பிழை செய்யவில்லை. திரையில் வந்த எண்ணுக்குக் காகிதத்தில் இருப்பதைவிட மதிப்பு அதிகம். அதனால் அதைச் சந்தேகிப்பது இன்னும் கடினம்.

தவறு செய்தவரைத் தண்டித்தால் மற்றவர்கள் ஒழுங்காக எழுதுவார்கள் என்பது அடுத்த வாதம். வேண்டுமென்றே பொய்க் கையெழுத்துப் போட்டவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். கிம்லியில் அப்படி யாரும் இல்லை. இருந்தும் கேப்டனுக்குப் பதவி இறக்கமும், துணை விமானிக்கும் பராமரிப்பு ஊழியர் மூவருக்கும் பணி இடைநீக்கமும் கிடைத்தன. பிரேக்கரைத் திரும்ப இழுக்க மறந்தவர், நினைவு வந்ததும் ஓடிவந்து சொல்ல வேண்டுமானால் வேலை போய்விடாது என்ற தைரியம் அவருக்கு வேண்டும். அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஓர் ஏற்பாட்டை நடத்திவருகிறது. விமானியோ கட்டுப்பாட்டாளரோ தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம், பெயர் நீக்கப்படும். வெளியே தெரியாமல் போயிருக்கக்கூடிய தவறுகள் அதன் வழியே வந்து குவிந்திருக்கின்றன.

இவையெல்லாம் பழைய கதைகள், விமானம்தான் இன்று மிகப் பத்திரமான பயணம் என்று யாராவது சொன்னால், ஆமாம் என்றுதான் சொல்வேன். ஆனால் பத்திரம் தானாக வரவில்லை. ஒவ்வொரு விசாரணையும் 47 திருகு வரை எண்ணி எழுதி, உலகத்தின் முன் வைக்கப்பட்டதால் வந்தது. இங்கே நம் விபத்து விசாரணை அறிக்கைகளும் அப்படிக் காலத்தோடு முழுமையாக வெளிவர வேண்டும். இன்னொரு கையெழுத்துக் கட்டத்தைப் படிவத்தில் சேர்ப்பது பயன் தராது. முதல் கணக்கைப் பார்க்காமல், வேறு வழியில், வேறு ஒருவர் போடும் இரண்டாவது கணக்கு வேண்டும். ஒட்டாவாவில் மறுபடி அளந்தார்களே, அவர்கள் கையில் வேறு எண் இருந்திருந்தால் விமானம் அங்கேயே நின்றிருக்கும். ஷிப்ட் மாறும்போது இருவரும் விமானத்தின் அருகே நின்று கைகாட்டிப் பேச நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு நிறுவனம் காசு கொடுக்க வேண்டும்.

பயணிகளாகிய நம்மிடமும் ஒரு வேண்டுகோள். ‘ஆவண வேலை முடியவில்லை, கொஞ்சம் தாமதமாகும்’ என்று அறிவிப்பு வந்தால், விமானப் பணிப்பெண்ணிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எங்கோ ஒருவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு, இது சரியா என்று இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்த இருபது நிமிடத்தைக் கொடுங்கள்.